தங்கிப் பார்த்த பின் வாடகை

ஏரிக்கரையில் தையல்காரர் ஒருவருக்கு ஒரு காட்டேஜ் இருந்தது. தங்குபவர்கள் அங்கேயே சமைத்துக்கொள்ளலாம். சீசன் வந்ததும் நாள் வாடகையை மூவாயிரத்திலிருந்து ஆறாயிரமாக்கத் துடித்தார்.

"முதல்ல நாம ஒருநாள் தங்கிப் பார்ப்போம்," என்றாள் மனைவி.

போனார்கள். அங்கிருந்த கத்தி தக்காளியை நசுக்கியதே தவிர நறுக்கவில்லை. பாதிச் சமையலில் கேஸ் தீர்ந்தது. புரண்டு படுத்தால் கட்டில் ஊரைக் கூட்டியது. காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், "மூவாயிரமே ஜாஸ்திடி!" என்றார்.

மனைவி சிரித்தாள். "நல்ல கத்தி, கட்டில், மெத்தை, இன்னொரு சிலிண்டர் வாங்கிப் போடுங்க. அப்புறம் ஐயாயிரம்னு கூசாம கேளுங்க."

அன்றே கடைக்குக் கிளம்பினார். இரண்டே வாரத்தில் சீசன் முழுவதற்கும் ஆட்கள் பதிவு செய்துவிட்டார்கள். புது மெத்தையில் தான் படுத்துப் பார்க்க ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லையே என்பதுதான் இப்போது அவர் குறை.