இடது குதிகால்

என் பெண்டாட்டி நன்றாக ஆடுகிறாள் என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால் எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? எரியும் என்றால் எரியும். கார்னாவிலிருந்து கில்கீரன் வரை இந்தக் கடலோரத்தில் பலகை மேல் கால் தட்டி ஆடும் பழைய முறை ஆட்டம் என்றால் கோல்மன்தான், அதாவது நான். என் அப்பன் ஆடினான், அவனுடைய அப்பன் ஆடினான். பப்பில் பலகையைத் தரையில் போட்டு, ஃபெஸ்டி அக்கார்டியனைத் தூக்கி மடியில் வைத்தால், அடுத்து எல்லாத் தலையும் என் பக்கம்தான் திரும்பும். அப்படி இருந்த ஊர் இது.

என் பெண்டாட்டி பார்ப்ரா அதுவரை ஆடியதே கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் ஆடினாளா என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. நான் ஆடப்போகும் இடத்துக்கெல்லாம் கூடவே வருவாள். என் கோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். ஆடி முடித்தால் கோட்டைத் திருப்பிக் கொடுப்பாள். இருவரும் வீட்டுக்குப் போவோம்.

போன குளிர்காலத்தில் டீலியா வந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தாள். மேயோவிலிருந்து மாற்றலாகி வந்த பள்ளிக்கூட டீச்சர். ஊர் மன்றத்தில் செவ்வாய்தோறும் ஆட்டம் பழகலாம், தெரிந்தவர்கள் தெரிந்ததைக் கொடுக்கட்டும், தெரியாதவர்கள் வாங்கிக்கொள்ளட்டும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். என் வீட்டுக்கும் வந்தாள்.

"எங்கிட்ட இருக்கறத நான் எதுக்கும்மா தூக்கிக் குடுக்கணும்? கோயில்ல தட்டு நீட்டற மாதிரில்ல வந்து நிக்கிற!" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பார்ப்ரா போனாள். அங்கே டீ போட ஆள் வேண்டுமாம். போய்ப் போடு என்று சிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வசந்தம் வந்தது. ஒருநாள் காலையில் தபால்காரன் மின்சார பில்லை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியவன், வாசற்கல்லில் காலால் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். சும்மா தட்டவில்லை. அது என் அடி. நுனியில் ஆரம்பித்து, குதியில் உருட்டி, கடைசித் தட்டைக் கொஞ்சம் தாமதமாகப் போடுவது. அந்தத் தாமதம் என் அப்பனுடையது. வேறு எவனுக்கும் வராது.

"டேய், நில்லு! அத எங்கடா புடிச்ச?"

"செவ்வாக்கிழமை வகுப்புலண்ணே. பார்ப்ரா அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க. நல்லா வருதா?"

நேராக அடுப்படிக்குப் போனேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"டீ போடப் போறேன்னுதானே சொன்ன?"

"தண்ணி கொதிக்கிற வரைக்கும் சும்மா நிக்கணுமா என்ன?"

"என் அடிய தபால்காரன் ஆடறான்டி!"

"ஆடிட்டுப் போகட்டுமே. உன் காலயா கழட்டி எடுத்துட்டுப் போனான்?"

"உனக்கு எவன் சொல்லிக் குடுத்தான்?"

"எவன் சொல்லிக் குடுக்கணும்? இந்த அடுப்படிக் கல்லுல நீ ஆடிப் பழகாத நாள் உண்டா? முதுகக் காட்டிட்டு நின்னா காது அடைச்சுப் போயிருமா?"

பார்க்காமலே எடுத்திருக்கிறாள்! வெறும் சத்தத்தை வைத்துக்கொண்டு! அந்த ஒரு அடிக்காக என் அப்பன் என்னை எத்தனை நாள் மழையில் நிறுத்தி வைத்திருப்பான், எத்தனை முறை பிரம்பால் என் கணுக்காலில் தட்டியிருப்பான். இவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கற்றுக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு அந்த உருளைக்கிழங்கை நான் தொடவே இல்லை.

அதற்கடுத்த ஞாயிறு, பூசை முடிந்து எல்லாரும் பப்பில் கூடியிருந்தோம். நான் ஆடினேன். கைதட்டினார்கள். உட்கார்ந்து என் கறுப்பு பீரை எடுத்தேன். ஃபெஸ்டி மெட்டை நிறுத்தவில்லை. நிறுத்தாமல், பெட்டியோடு கொஞ்சம் திரும்பி, பார்ப்ராவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.

"என்னய்யா?" என்றாள் அவள்.

"எந்திரி பார்ப்ரா. செவ்வாக்கிழமை ஆடறது ஞாயித்துக்கிழமை ஆடக் கூடாதா?"

என் கோட்டை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். என்னவோ தட்டுகளை எடுத்துவைக்க எழுந்தவள் மாதிரிதான் போனாள். பலகை மேல் ஏறி நின்றாள். கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. யாரையும் பார்க்கவில்லை, கணப்பு நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கால் பேச ஆரம்பித்தது.

எப்படி ஆடினாள் என்று கேட்கிறீர்களா? சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நன்றாக ஆடினாள், போதுமா? கால் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பவில்லை, ஆனால் ஒரு தட்டுகூட இன்னொன்றோடு ஒட்டவில்லை, தனித்தனியாக எண்ணி எடுக்கலாம். "போடு! அப்படிப் போடு தாயே!" என்று கத்தினார்கள். எனக்கு வாசிக்கும்போது பாதிக் கண் மூடி வாசிக்கிற ஃபெஸ்டி அவளுக்கு நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தான். அவனுக்கும் அவளுக்கும் ஒன்றும் கிடையாது, அவன் தன் மாடுகளைத் தவிர வேறு யாரையும் திரும்பிப் பார்க்காதவன். ஆனாலும் அவன் விரல்களைப் பிடித்து முறிக்க வேண்டும்போல் இருந்தது.

"கோல்மன் நல்லாத்தான் பழக்கியிருக்கான்" என்று கவுண்டர் பக்கம் ஒரு குரல்.

"அட போப்பா. கோல்மன் இவகிட்டப் பழகணும்" என்றது இன்னொரு குரல்.

குடித்தேன். கோப்பையில் ஒன்றும் இல்லை. காலியான கோப்பையை எவ்வளவு நேரம் வாயில் வைத்துக்கொண்டிருந்தேனோ தெரியாது.

ஆகஸ்டில் படகுப்போட்டித் திருவிழா. அன்றைக்கு மத்தியானம் மன்றத்தில் ஆட்டப் போட்டி. அந்தப் பரிசுக் கோப்பை என் வீட்டு ஜன்னலில்தான் சில வருஷமாக இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை துடைத்து எடுத்துக்கொண்டு போவேன், மறுபடி கொண்டுவந்து வைப்பேன். இந்த முறை டீலியா பார்ப்ராவின் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

"வேணாம்னா சொல்லு, எடுத்துடச் சொல்றேன்" என்றாள் பார்ப்ரா.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் பயந்துவிட்டான் என்பார்கள். "நான் ஏன் வேணாங்கறேன்? தபால்காரனே ஆடறான், நீ ஆடினா என்ன" என்றேன்.

ஆனால் போட்டியன்று காலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஒண்ணு சொல்றேன். நான் ஆடும்போது நீ உள்ள இருக்கக் கூடாது."

அவள் ரொட்டி வெட்டுவதை நிறுத்தினாள். "ஏன்?"

"உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு ஆட்டம் வராது. அவ்வளவுதான்."

"இத்தன வருஷமா என் மூஞ்சியப் பாத்துதானே ஆடின?"

"அப்ப நீ ஆடலையே! இப்ப நீ அங்க உக்காந்து, இவன் எங்க விடுவான், எங்க சறுக்குவான்னு பாத்துட்டு இருப்ப."

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. பாவம் பார்ப்பது போல் ஒரு பார்வை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"நல்லா யோசிச்சுதான் சொல்றியா?"

"யோசிச்சாச்சு."

"அப்புறம் என்னக் குத்தம் சொல்லக் கூடாது."

"வெளிய இருன்னா இரேன்டி!"

சரி என்று சொல்லிவிட்டு ரொட்டியை வெட்ட ஆரம்பித்தாள்.

மன்றம் நிரம்பி வழிந்தது. என் பெயரைக் கூப்பிட்டதும் பார்ப்ரா என் கோட்டை ஒரு நாற்காலி முதுகில் போட்டுவிட்டு வெளியே போனாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சுவரோரம் ஒதுங்கி நின்ற அவளுடைய நீலக் கோட்டு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நிற்கட்டும் என்று பலகையில் ஏறினேன்.

முதல் சுற்று வெண்ணெயாய்ப் போனது. இரண்டாவதில் அப்பனுடைய அடியை எடுத்தேன். வலது நுனி, வலது குதி, இடது நுனி, இடது குதி. அந்த இடது குதி விழ வேண்டிய இடத்தில் ஒன்றுமே விழவில்லை. நான் காலை வைத்தேன், சத்தியமாக வைத்தேன், முழங்கால் எப்போதும்போல்தான் மடங்கியது, ஆனால் சத்தம் வரவில்லை. மறுபடி வந்தேன். மறுபடி அதே இடத்தில் ஓட்டை. ஃபெஸ்டி பெட்டியின் தாழ்சுரக் கட்டையை அழுத்தி அந்த இடத்தை அடைக்கப் பார்த்தான். அது இன்னும் அசிங்கமாகக் கேட்டது. பல் விழுந்த இடத்துக்கே நாக்கு போவதுபோல என் காது அந்த இடத்துக்கே போய்ப் போய் நின்றது. கூட்டத்தில் யாரும் கத்தவில்லை. ஒருவர் இருமினார். எப்படியோ முடித்து இறங்கினேன். பாதிரியார் சொன்ன ஜோக்குக்குச் சிரிப்பதுபோல மரியாதையாகக் கைதட்டினார்கள்.

இடைவேளையில் ஃபெஸ்டியை மன்றத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னடா வாசிச்ச? என்னக் கவுக்கணும்னே வாசிச்சியா?"

"நான் எப்பவும் வாசிக்கறதத்தான் வாசிச்சேன்" என்றான். சிகரெட்டைப் பற்றவைத்தான். "நீ அவள எதுக்குடா வெளிய அனுப்பின?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"படகுத்துறையில பாசி வழுக்கி விழுந்தியே, சில வருஷத்துக்கு முன்னாடி, ஞாபகம் இருக்கா? அன்னையிலேருந்து உன் இடது குதி பேசறதில்லடா. நீ வைக்கிற, அது தரையத் தொடறதில்ல."

"பைத்தியமா உனக்கு? அதுக்கப்புறம் எத்தன தடவ கோப்பைய வாங்கியிருக்கேன்!"

"அவ எங்க உக்காருவா? பலகை மூலையில அந்த ஸ்டூல்ல. கால எங்க வெச்சிருப்பா? பலகை ஓரத்துல. அவ மடியில இருக்கற உன் கோட்டு எதுக்கு அவ கணுக்கால் வரைக்கும் தொங்கும்? கால் ஆடறது தெரியக் கூடாதுன்னுதான். உன் இடது குதி அவளுதுடா. ஒரு தட்டு முன்ன பின்ன விழுந்ததில்ல."

"ஊருக்குத் தெரியுமா?"

ஃபெஸ்டி புகையை விட்டுக் கடலைப் பார்த்தான். "நீதான் பாக்கி" என்றான்.

என் அடுப்படி ஞாபகம் வந்தது. ஒருமுறை அவள் தன் தங்கையைப் பார்க்கக் கால்வே நகரத்துக்குப் போயிருந்தாள். நான் தனியாக ஆடிப் பார்த்தேன். என்னவோ சரியாக வரவில்லை. ஈரத்தில் கல் செத்துப்போச்சு என்று கல்லைத் திட்டிவிட்டுப் படுத்தேன்.

அந்த நேரத்தில் எனக்கு அவள் மேல் அன்பு பொங்கியிருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் வந்திருக்க வேண்டும். நல்ல மனுஷனுக்கு வந்திருக்கும். எனக்கு வந்தது பொறாமைதான், முன்னைவிடப் பத்து மடங்கு. என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள் என்று இத்தனை நாள் கத்திக்கொண்டிருந்தேன். எடுக்கக்கூட இல்லை, இவளே போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஜன்னலில் இருக்கும் கோப்பையில் எனக்கென்று என்ன மிச்சம்?

உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நான் போனபோது அவள் பலகையில் ஏறிவிட்டாள். தலைமுடியில் தூறல் இன்னும் நின்றது. பலகை மூலையில் அந்த ஸ்டூல் காலியாக இருந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அதில் உட்கார்ந்தேன். ஃபெஸ்டி என்னைப் பார்த்தான். அவளுக்கு உதவத்தான் வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். உதவியா! எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் ஒரு தட்டு விட வேண்டும். அவளுக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, மூச்சு வாங்கும், எங்காவது ஒன்றை விடத்தானே வேண்டும்? விட்ட இடத்தில் என் வலது குதிகாலை வைத்துவிடுவேன். அப்புறம் அவள் ஆட்டத்திலும் பாதி என்னுடையது. ஊர் அதையும் பார்க்கட்டும்.

வலது காலைப் பலகை ஓரத்தில் கொண்டுபோய், குதியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அவள் மெதுவாக ஆரம்பித்தாள். முதல் சுற்றில் விடவில்லை. இரண்டாவதில் என் அப்பனுடைய அடியை எடுத்தாள். வலது நுனி, வலது குதி, இடது நுனி. என் கால் நரம்பு இழுத்துக்கொண்டது. இடது குதி வந்து விழுந்தது, அந்தக் கொஞ்சம் தாமதத்தோடு, என் அப்பன் போட்டது போலவே. ஃபெஸ்டி வேகத்தைக் கூட்டினான். அவள் கழுத்தில் வியர்வை ஓடியது. இப்போது விடுவாள் என்று பார்த்தேன். விடவில்லை. திரும்பும்போது விடுவாள் என்று பார்த்தேன். அங்கேயும் விடவில்லை. கடைசிச் சுற்றில் ஒரு கணம் தள்ளாடினாள். நான் குதியை இறக்கப் போனேன், அதற்குள் அவள் கால் அங்கே இருந்தது. பாவி, என் கால் தரையில் பட ஓர் இடம் கொடுக்கவில்லை.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தினார்கள். டீலியா அழுதாள். நடுவர் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார்.

பார்ப்ரா யாரையும் பார்க்காமல் பலகையிலிருந்து இறங்கி என் எதிரே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தேன், குதியை நான் இன்னும் தூக்கியே வைத்திருந்தேன்.

"இறக்கு" என்றாள் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "ஆரம்பிச்சதுலேருந்து தூக்கி வெச்சுட்டு இருக்க. வலிக்கல?"

"வலிக்குது" என்றேன்.