இந்திய அணியில் மூக்கையா

எங்கள் கம்பெனியில் மூக்கையா என்று ஒருத்தன் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2007-ல், ஆவணி மாதத்தில், 'திருப்பூர் பனியன் தொழிலாளி மூக்கையா இந்திய அணிக்குத் தேர்வு' என்று பேப்பரில் படத்தோடு செய்தி வந்தது. கட்டிங் டேபிளில் பேப்பரை விரித்துப் போட்டு எல்லோரும் கைதட்டினார்கள். ஆட்களின் பெயரும் வருகையும் எழுதுகிற டைம் ஆபீஸில் உட்கார்ந்திருந்த நான் மட்டும் எழுந்து போகவில்லை. அந்த மூக்கையாவை உண்டாக்கியவன் நான்தான்.

படத்தில் இருந்தவன் பெயர் ஜெபக்குமார். சாத்தான்குளம் பக்கத்துப் பையன். ஒரு காலத்தில் கபடியில் பெரிய ஆள். அவன் ரெய்டு போனால் எதிர்ப் பக்கத்து ஆட்கள் பின்கோட்டில் போய் ஒட்டிக்கொள்வார்களாம். மாநில அணியில் மூன்று வருஷம் ஆடியிருக்கிறான். மலேசியாவுக்கு ஒரு போட்டிக்கு அனுப்புகிறோம் என்று சொல்லி பாஸ்போர்ட்கூட எடுக்க வைத்திருக்கிறார்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால், பயிற்சியில் முட்டிச் சவ்வு கிழிந்தது. ஓட முடிந்தது; ஆனால் பிடித்தவர்களை உதறிக்கொண்டு திரும்ப முடியவில்லை. அவனுக்கு வருவதாக இருந்த சர்க்கார் வேலை வேறு ஒருத்தனுக்குப் போயிற்று. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட விழாமல், பெண்டாட்டி விஜயராணியைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்து சேர்ந்தான்.

பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கிற எங்கள் கம்பெனிக்கு அவன் வேலை கேட்டு வந்த அன்றைக்கு ஷிப்மென்ட் நெருக்கடி. துணியை ரோலரில் விட்டு அழுத்தி எடுக்கிற காம்பாக்டிங் மிஷினுக்கு ஆள் இல்லை. புதுப் பெயரைச் சேர்ப்பதென்றால் படிவம், போட்டோ, குடும்ப விவரம், ஆஸ்பத்திரி வைத்தியத்துக்கான ஈ.எஸ்.ஐ. கார்டு என்று மூன்று வாரம் இழுக்கும். அதற்கு இங்கே எல்லோரும் செய்கிற ஒரு வழி உண்டு. போனவன் பெயரை அடிக்க மாட்டோம். வருகிறவனை அந்தப் பெயரில் ஓட்டுவோம். ராஜபாளையத்துப் பக்கத்து மூக்கையா, தங்கச்சி கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போய் ஐந்து மாதமாகத் திரும்பி வரவில்லை. அவன் பெயர் சும்மா கிடந்தது.

"இப்போதைக்கு மூக்கையான்னு கையெழுத்துப் போடு கண்ணு. அடுத்த மாசம் உன்ற பேருக்கு மாத்திக்கலாம்" என்றேன்.

"சரி அண்ணாச்சி" என்றான். அடுத்த மாதம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. எனக்கு எத்தனையோ வேலை. அவனும் கேட்கவில்லை. கேட்காதவன் வேலையைக் கடைசியில் பார்ப்பதுதானே ஆபீஸ்காரன் புத்தி.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம், சுருங்கிப் போன துணியை நீவி விடப் போன இடது கையை ரோலர் இழுத்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஜீப்பில் அவனுக்குப் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்து போனேன். அவன் கையைச் சுற்றி ஒரு பண்டல் பனியன் துணி. என் சட்டைப் பையில் மூக்கையாவின் கார்டு. போகிற வழியெல்லாம் அவன் காதில் ஒன்றையே சொல்லிக்கொண்டு போனேன். "பேரு கேட்டா மூக்கையான்னு சொல்லு. மாத்திச் சொல்லிராத. வைத்தியம் பாக்க மாட்டாங்க."

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். சொன்னான். அப்பா பெயர் கேட்டார்கள். அது அவனுக்குத் தெரியாது, என்னைப் பார்த்தான். "பேச்சிமுத்து" என்று நான் சொன்னேன். சாத்தான்குளத்தில் சர்ச் மணி அடிக்கிற கோயில்பிள்ளை யோசேப்புக்குப் பிறந்தவனை, அரை மயக்கத்தில் கிடக்கும்போது, கார்டைப் பார்த்து பேச்சிமுத்துவின் மகனாக்கிவிட்டேன். மணிக்கட்டோடு கையை எடுத்தார்கள். மெடிக்கல் போர்டு சர்டிபிகேட், மாதா மாதம் வருகிற உதவிப் பணம், எல்லாம் மூக்கையா பெயரில் வந்தது. ராஜபாளையத்தில் அந்த நிஜ மூக்கையா இரண்டு கையாலும் டீ ஆற்றிக்கொண்டிருக்கிறான் என்று கேள்வி. திருப்பூரில் தனக்கு ஒரு கை போய்விட்ட விஷயம் அவனுக்கு இன்றைக்கும் தெரியாது.

கை போன பிறகு ஜெபக்குமாரை வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார் முதலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிப் பையன்கள் குளத்துமேட்டில் கிரிக்கெட் ஆடுவார்கள். பந்து பொறுக்கிப் போடத்தான் முதலில் போனான். கபடியில் புரண்டவன் தரைக்குப் பயப்படுவானா? பந்து எங்கே போனாலும் நெஞ்சு தேயப் பாய்ந்து ஒற்றைக் கையால் அள்ளினான். பிறகு மட்டையைப் பிடித்தான். வலது கையில் கைப்பிடி. இடது பக்கத்து மொட்டைக் கையை அடியில் அணைத்துக்கொள்வான். நானே நின்று பார்த்திருக்கிறேன். கிரிக்கெட் எனக்கு ஒரு எழவும் புரியாது. ஆனால் ஒருத்தன் எதையோ திரும்பப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும் புரிந்தது.

யாரோ சொல்லி, கோயமுத்தூரில் இருக்கிற ஊனமுற்றோர் கிரிக்கெட் சங்கத்துக்குப் போனான். சர்டிபிகேட் கேட்டார்கள். இருக்கிற ஒரே சர்டிபிகேட்டைக் கொடுத்தான். "பேரை மாத்தி வாங்கிக் குடுங்க அண்ணாச்சி" என்று அப்போது முதல் தடவையாகக் கேட்டான். "மாத்துனா மாசாமாசம் வர்ற உதவி நின்னு போயிரும். உள்ளதும் போயிரும் கண்ணு. பொறு, பாத்துக்கலாம்" என்றேன். இரண்டு வருஷம் மூக்கையாவாகவே தமிழ்நாட்டு அணிக்கு ஆடினான். மூக்கையா சதம் அடித்தான். மூக்கையாவை டெல்லியில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் பதினாறு நாள் போட்டிக்கு மூக்கையாவை எடுத்தார்கள்.

முதலாளி லிங்கசாமி, ரோட்டோரம் ஒரு பேனர் வைத்தார். தன் படம் பெரிதாக, அவன் படம் சிறிதாக, நடுவில் 'எங்கள் மூக்கையா' என்று. அதன் கீழே நின்று ஜெபக்குமார் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஊருக்குப் பேப்பர் அனுப்புனியா?" என்று கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி. அனுப்புனா, மூஞ்சி உன்னை மாதிரி இருக்கு, யாருல இந்த மூக்கையான்னு எங்கப்பா கேப்பாவ."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரமே சிக்கல் வந்தது. சங்கத்தில் பாஸ்போர்ட் கேட்டார்கள். வருஷக்கணக்காகத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு ஆசையாக ஓடினான். இன்னும் இரண்டு வருஷம் செல்லும். அதில் ஜெபக்குமார், த/பெ யோசேப்பு. அணிப் பட்டியலில் மூக்கையா, த/பெ பேச்சிமுத்து. செயலாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது என்னப்பா என்று கேட்டிருக்கிறார். இவன் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். அவர் நல்ல மனுஷன். "உங்க கம்பெனியில ரெண்டு பேரும் ஒரே ஆள்னு எழுதி வாங்கிட்டு வா. வெள்ளிக்கிழமைக்குள்ள டெல்லிக்கு அனுப்பணும்" என்று சொல்லிவிட்டார்.

ஜெபக்குமார் பெயரில் புதிதாக ஊனச் சான்று வாங்கிவிட்டால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. ஜெபக்குமார் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. ஆடினதெல்லாம் மூக்கையா.

நான் முதலாளியிடம் போனேன். லிங்கசாமி சத்தம் போடுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் அவர் பேச்சில் மரியாதை கூடும்.

"ஏனுங்க ரத்தினசாமி, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சுப் போச்சுங்களா?" என்றார். "அந்தக் காயிதம் நம்ம ஆபீஸ்ல இருந்து போச்சுன்னா, ஈ.எஸ்.ஐ.காரங்க நாளைக்கே வந்து ரிஜிஸ்டரைத் தொறப்பாங்க. இந்த ஒரு பேரோட நிக்குமுங்களா? எத்தனை பேரு அப்படி ஓடறாங்கன்னு எனக்குத் தெரியாது. எழுதுனது நீங்க. உங்களுக்குத்தான் தெரியுமுங்க."

நாற்பத்தொரு பேர். எனக்குத் தெரியும்.

"நீங்க உங்க பேர்ல எழுதிக் குடுக்கறதுன்னா குடுங்க. நான் தடுக்கலீங்க. அப்புறம் நாளைக்குக் கோர்ட்டுல கேட்டா, அந்த ஆபீஸ்காரன்தானுங்க செஞ்சான்னு நான் சொல்லிப் போடுவேன். அப்ப எம்மேல வருத்தப்படக் கூடாதுங்க."

அன்று சாயங்காலம் ஜெபக்குமாரும் விஜயராணியும் டைம் ஆபீஸுக்கு வந்தார்கள். அவள் எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருக்கிறவள். பீஸில் ஓட்டை இருந்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது. அன்றைக்கு என் முகத்தை அப்படித்தான் பார்த்தாள்.

"முட்டி போச்சுன்னு கபடியை விட்டாவ. கையும் போச்சு. நீங்க சொன்ன பேரைத்தான சொன்னாவ? ஒரு வரி எழுதிக் குடுங்க அண்ணாச்சி. வேற ஒண்ணும் கேக்கலை" என்றாள்.

"ஏ, சும்மா இரு" என்றான் அவன்.

எழுதுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுத மாட்டேன் என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். "காயிதம் வேண்டாம் கண்ணு. அந்தச் செயலாளரை எனக்குப் போன் பண்ணச் சொல்லு. ரெண்டும் ஒரே ஆள்தான்னு வாயில சொல்லிடறேன்." பெரிய தியாகம் செய்தவன் மாதிரி எனக்கே இருந்தது. ஜெபக்குமார் என் கையைத் தன் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டான். செயலாளரும் ஒத்துக்கொண்டார் என்று மறுநாள் வந்து சொன்னான். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போன் வரும்.

வெள்ளிக்கிழமை முதலாளி தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஜெபக்குமாரும் விஜயராணியும் லீவு. ஆபீஸ் ரூமில் நான் மட்டும்தான். கதவைச் சாத்திக்கொண்டேன். சொல்ல வேண்டியதை இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஆமாங்க, ரெண்டும் ஒரே ஆள்தானுங்க, தப்பு எங்க பக்கமுங்க. சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நிஜம்.

போன் அடித்தது.

"வணக்கமுங்க, சங்கத்துச் செயலாளர் பேசறேன். ஜெபக்குமார் விஷயமா."

"சொல்லுங்க, சொல்லுங்க."

"மொதல்ல உங்க பேரும் பதவியும் சொல்லிருங்க. எழுதிக்கறேன். நீங்க சொல்றதை எழுதி, கீழ உங்க பேரைப் போட்டு, டெல்லிக்கு பேக்ஸ் பண்ணணும்."

எழுதிக்கறேன் என்றார். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் பெயரை எழுதுகிறேன். அடித்திருக்கிறேன், மாற்றியிருக்கிறேன், ஒருத்தன் தலையில் இன்னொருத்தன் பெயரைக் கட்டியிருக்கிறேன். ஒரு நாளும் யோசித்ததில்லை. என் பெயரை ஒருத்தர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டதும் ரிசீவரைக் கை மாற்றிப் பிடித்தேன். மகள் அனுப்பிரியாவை அந்த வருஷம்தான் காலேஜில் சேர்த்திருந்தேன். கோர்ட்டு, போலீஸ் என்று என்னென்னவோ ஓடியது. ஆனால் பிள்ளையை நினைத்துப் பயந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். எனக்காகத்தான் பயந்தேன்.

"ஹலோ, பேரு சொல்லுங்க."

"ஜெபக்குமார்னு இங்க யாரும் வேலை செய்யலீங்க" என்றேன்.

"அப்ப மூக்கையாவும் அவரும்..."

"மூக்கையா இருக்கறாருங்க. ஒரு கை இல்லீங்க. நீங்க சொல்ற ஜெபக்குமார் எங்க ரிஜிஸ்டர்லயே இல்லீங்க. யாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்க."

ரிஜிஸ்டர்படி பார்த்தால் நான் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பக்கத்து ரூமில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணாச்சி" என்றாள் விஜயராணி. அழவில்லை, கத்தவில்லை. "நாங்க இங்கனதான் நிக்கோம் அண்ணாச்சி. அவுகளும் கேட்டுக்கிட்டுதான் இருக்காவ."

அதற்குப் பின்னால், தள்ளி, ஜெபக்குமாரின் குரல் கேட்டது. "விடு ராணி. அவுகளை ஒண்ணும் சொல்லாத. வா, போவோம்."

"ஹலோ சார், லைன்ல இருக்கீங்களா?" என்றார் செயலாளர்.

இருந்தேன். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு நிமிஷம் அவர்கள் அந்த ரூமை விட்டு வெளியே போயிருக்க மாட்டார்கள். ரிசீவரை மெதுவாக வைத்தேன்.