கூப்பிட்டால் வரும் மூச்சு

கம்பவுண்டர் சவுரிராயனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சேர்த்து மோதினான் சீனுவாசன். சுவரின் காரை உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. உதட்டில் ரத்தம் கசிந்தது.

"போடுய்யா ஊசிய."

"டாக்டர் போடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. கைய எடு சீனு."

உள்ளே அக்கா கெங்கம்மாள் கத்தினாள். மனுஷக் குரலாகவே இல்லை அது. கருப்பையில் வந்த புற்று இடுப்பெலும்பு வரைக்கும் போய்விட்டது என்று விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கையை விரித்து, திண்டிவனத்துக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். அறுபத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். தாய் செத்தபின் கைக்குழந்தையான தம்பி சீனுவாசனை முதுகில் கட்டிக்கொண்டு மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை வெட்டியவள் அவள். புருஷனும் போன பிறகு மகள் ராஜாமணியோடு தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

வலி தெரியாமலிருக்க மார்பியா ஊசி போட ஆரம்பித்தபோது வீட்டுக்கு உயிர் வந்தது. ஊசி ஏறியதும் அக்காவின் முகம் இளகும். கேப்பைக் கூழ் கேட்டு வாங்கிக் குடிப்பாள். அப்புறம் சிறுநீர் குறைந்துகொண்டே வந்து, நேற்றோடு அடியோடு நின்றது. கையும் காலும் தாமாகவே வெட்டி வெட்டி இழுத்தன. சேலைத் தலைப்பு உரசினால்கூட அலறினாள். காலையில் வந்த டாக்டர் சீனுவாசனை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மருந்து ஈரலுக்குப் போய் வேற ஒண்ணா மாறும்பா. மாறினது மூத்திரத்துல வெளிய போவணும். புத்து அந்த வழிய அடைச்சிடுச்சு. போட்டதெல்லாம் போக எடமில்லாம உள்ளயே சேந்துகினு இருக்குது. அந்த இழுப்புகூட அதனால இருக்கலாம். இன்னும் போட்டா மூச்சு நின்னுடும்."

"அப்ப வலிக்கு இன்னா பண்றதுங்க?"

டாக்டர் காரின் கதவைத் திறந்தார். "சாயந்தரம் வர்றேன்" என்றார்.

இப்போது உச்சி வெயில். அக்காவின் தலை கட்டில் சட்டத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. சீனுவாசன் கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவினான்.

"போடலன்னா உன்ன வெட்டிட்டு ஜெயிலுக்குப் போறேன்."

சவுரிராயன் அரிவாளைப் பார்த்தார். பிறகு அறைப் பக்கம் பார்த்தார். "அத கீழ போட்டுட்டு வந்து அக்கா கைய அமுக்கிப் புடி" என்றார். "துள்ளுனா ஊசி ஒடிஞ்சிடும்."

தன் முழங்காலை அவள் தோள்மேல் ஊன்றி அழுத்திப் பிடித்தான். ஊசி இறங்கியது. கொஞ்சங்கொஞ்சமாகச் சத்தம் தேய்ந்தது. கெங்கம்மாள் கண்ணைத் திறந்தாள். கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது.

"யார்டா அது, அப்பிடிக் கத்தினது?"

"யாருமில்லக்கா."

அவள் தூங்கினாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் நேரம் நீண்டது. ஒரு தடவை மார்பு எழவே இல்லை. சவுரிராயன் குனிந்து, "கெங்கம்மா, மூச்சு வுடும்மா" என்றார். மார்பு எழுந்தது.

"மூச்சு வுடறத ஒடம்பு மறந்துபோவுது. கூப்ட்டா வுடுவாங்க. கூப்ட்டுக்கினே இரு."

"மாத்து மருந்து இல்லியா?"

"பாண்டியில இருந்தா இருக்கும். போய்ட்டு வர்ற வரைக்கும் தாங்காது."

சீனுவாசன் கூப்பிட்டான். அக்கா, மூச்சு வுடு. அக்கா. குரலுக்கு வராதபோது தோளைப் பிடித்து உலுக்கினான். அதற்கும் வராதபோது கன்னத்தில் அறைந்தான். அறைந்ததும் அவள் திணறிக்கொண்டு மூச்சை இழுப்பாள். இழுக்கும்போதே வலி அவளைக் கண்டுபிடித்துவிடும். முனகலோடு முகம் கோணும். மறுபடி அமிழ்ந்துபோவாள். மறுபடி அறைவான். கன்னத்தில் அவன் விரல்கள் பதிந்து வீங்கின. அவன் தொண்டை கட்டிப்போய்க் குரல் வெறும் காற்றாக வந்தது. நிழல் கிழக்கே சாய்ந்தபோதும் அறைந்துகொண்டிருந்தான்.

ராஜாமணி பாய்ந்துவந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் இறங்கியது. அவன் உதறித் தள்ள, சுவரில் போய் விழுந்தவள், எழுந்து வந்து மறுபடி அதே கையைப் பிடித்தாள்.

"அடிக்காத மாமா. எழுப்பி எழுப்பி வலியிலதான தள்ளுற எங்கம்மாவ."

அவன் சவுரிராயனைப் பார்த்தான். வீங்கிய உதட்டோடு அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் மார்பு அடங்கியிருந்தது. சீனுவாசன் கூப்பிட வாயைத் திறந்தான். ராஜாமணியின் பிடி இறுகியது. அவன் வாயை மூடிக்கொண்டான். வெகு நேரம் கழித்து மார்பு தானாகவே ஒருமுறை எழுந்து இறங்கியது.

அப்போது தெருக்கோடியில் மரக்காணத்து உப்பு வண்டி திரும்பியது. "உப்போ... உப்பு..." என்று வண்டிக்காரன் அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தான்.

சீனுவாசன் எழுந்து ஓடினான். நடுத்தெருவில் மாடுகளுக்கு முன்னால் போய் நின்று, ரத்தம் ஒழுகும் கையையும் மற்றதையும் சேர்த்து வண்டிக்காரனைக் கும்பிட்டான். சொல்வதற்குக் குரல் இல்லை. உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, மறுபடி கும்பிட்டான்.

வண்டிக்காரன் அவனையும் திறந்து கிடந்த வீட்டையும் பார்த்தான். கீழே இறங்கி, மாடுகளின் கழுத்துச் சலங்கையைக் கையால் பொத்திப் பிடித்தபடி, அந்த வீட்டைக் கடந்து மெல்ல ஓட்டிக்கொண்டு போனான்.