சிம்பாங் கடையில் தொங்கிய ஹெல்மெட்

1

இந்தக் கதை போலீஸ் ஸ்டேஷனில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன வயசுப் போலீஸ்காரர் மலாயில் கேட்டார், எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன், அவர் கம்ப்யூட்டரில் தட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன். அரைப் பக்கம். அதில் பொய் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது, நான் செய்தது ஒன்றுகூட அந்த அரைப் பக்கத்தில் இல்லை.

என் பெயர் ராமையா. எழுபத்திரண்டு வயது. தோட்டத்துப் பள்ளியில் நாலாவது வரை படித்தேன், அப்புறம் ரப்பர் பால்மரம் வெட்டப் போய்விட்டேன். கதை எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஞாயிறு பத்திரிகையில் கதை படித்தால், இந்த ஆள் எதையோ மறைக்கிறான் என்றுதான் நினைப்பேன். இப்போது நானே நோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நாளாக முதல் வரி வரவில்லை.

2

முதல் முயற்சி: "யோகேந்திரன் மிகவும் ஜாக்கிரதையான, நல்ல—"

அடித்துவிட்டேன். செத்தவனைப் பற்றி எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டாவது: "பாலிங் பக்கம் ஒரு தோட்டம். அங்கே ஒரு கிழவன் பழைய ஹெல்மெட் ஒன்றை—"

ஒரு கிழவனாம். பக்கத்து ஊர்க்காரன் மாதிரி. அதையும் அடித்தேன்.

மூன்றாவதாகக் கடையிலிருந்து தொடங்குகிறேன். கடை பொய் சொல்லாது.

எங்கள் தோட்டத்து மண் பாதை பெரிய ரோட்டில் சேருகிற இடத்தை சிம்பாங் என்போம். அங்கே மஜீத் பாயின் ரொட்டிக் கடை. கடைக்குப் பின்னால் நீளமாக ஒரு கம்பி. அதில் எப்போதும் ஏழெட்டு ஹெல்மெட் தொங்கும். தோட்டத்துக்குள் யாரும் ஹெல்மெட் போடுவதில்லை. ரோட்டுக்குப் போகிறவன் கம்பியிலிருந்து ஒன்றை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவான், வரும்போது திரும்ப மாட்டிவிடுவான். யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. போலீஸ் கண்ணுக்குத் தலையில் ஏதாவது இருந்தால் சரி. வீட்டுக்கு உதவாத ஹெல்மெட்டெல்லாம் கடைசியில் அந்தக் கம்பிக்குத்தான் வந்து சேரும்.

(பத்திரிகையில் தலைக்கவசம் என்று எழுதுகிறார்கள். கவசம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.)

3

யோகேந்திரன் எனக்குச் சொந்தமில்லை. பக்கத்து வீடு. முப்பத்தாறு வயது, சுங்கைப் பட்டாணியில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் சறுக்கி விழுந்து முழங்கைத் தோல் முழுக்கப் போனது. அதிலிருந்து ஆள் மாறிவிட்டான். முகத்தையே மூடுகிற ஹெல்மெட், உள்ளே தகடு வைத்த ஜாக்கெட், கையுறை, முழங்காலுக்குக் கட்டுகிற கெட்டிப் பட்டை, கணுக்காலை மூடும் பூட்ஸ். எங்கள் கெடா மாநிலத்து வெயிலில்! எல்லாம் மாட்டி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும்.

"சந்திரனுக்கா தம்பி?" என்று எதிர்வீட்டு பாப்பம்மா கேட்பாள்.

"ஆமாக்கா. அங்க கடை இல்லியாம். ஏதாச்சும் வாங்கணும்னா இங்கயே சொல்லிடுங்க."

கோபமே வராது அவனுக்கு.

'தோட்டமே அவனைக் கிண்டல் செய்தது' என்று இந்த இடத்தில் எழுதி வைத்திருந்தேன். பொய். மற்றவர்கள் ஒரு வாரத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். மூன்று வருஷம் விடாமல் செய்தது நான் ஒருத்தன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கெடாவில் வெள்ளி, சனிதான் லீவு, ஞாயிறு வேலை நாள். அவன் மனைவி குணசுந்தரி பாலிங் டவுனில் பாலர்பள்ளி டீச்சர். தன் மோட்டாரில் அப்போதுதான் கிளம்பிப் போனாள். யோகேந்திரனுக்கு ஷிப்ட் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து முழங்கால் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கடா?"

"பாய் கடைக்கு மாமா. ரொட்டி சானாய். உங்களுக்கும் ரெண்டு வாங்கியாரவா?"

"ரொட்டி வாங்கவா இந்தக் கோலம்? மாவு வீசுறவன் ஒன்ன அடிச்சிருவானா?"

சிரித்தான். "ரோடுன்னா ரோடுதான லா, மாமா."

"ரோடு எங்கடா இருக்கு? தோட்டத்து மண்ணு. அம்பது வருஷம் வெறுந்தலையோட இதுல ஓட்டுனவன் நானு. ஒம் பொண்டாட்டி ஒரு ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு டவுனுக்கே போறா. ஒனக்கு மட்டும் கண்ணாடி உடம்பா? ஆம்பளதானடா நீ?"

கடைசி வாக்கியம் தேவையில்லாதது. கதைக்கும் தேவையில்லை, அன்றைக்கும் தேவையில்லை. ஆனால் சொன்னேன்.

ஒரு நிமிஷம் பட்டையைப் பிடித்தபடியே இருந்தான். பிறகு அவிழ்த்தான். ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் கதவில் மாட்டினான்.

"சரி மாமா. இன்னிக்கு உங்க ஸ்டைல்லயே போறேன். திருப்தியா?"

அரைக்கால் சட்டையும் சிலிப்பருமாகப் போனான். சிரித்துக்கொண்டுதான் போனான். நான் ஜெயித்துவிட்ட மாதிரி நின்றேன்.

4

அடுத்தது மஜீத் பாய் என்னிடம் சொன்னது.

ரொட்டிக்குச் சொல்லிவிட்டு நிற்கும்போது போன் வந்திருக்கிறது. குணசுந்தரிதான். பாதி வழியில் டயர் பஞ்சர். பள்ளிச் சாவி அவளிடம் இருக்கிறது, பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே நிற்கும், உடனே வாங்க என்று சொல்லியிருக்கிறாள்.

"வீட்டுக்குப் போயி உங்க சாமானெல்லாம் மாட்டிக்கிட்டுப் போங்க தம்பி" என்றாராம் பாய்.

"நேரமில்ல பாய். ரொட்டிய கட்டி வைங்க, வந்து வாங்கிக்கிறேன்."

கம்பியில் கைக்கு எட்டியதை எடுத்தானாம். பக்கவாட்டில் சிவப்பு டேப் சுற்றின ஹெல்மெட்.

அந்த டேப் நான் சுற்றினது.

இரண்டு வருஷத்துக்கு முன் பெரிய ரோட்டுக் கால்வாயில் நான் விழுந்தபோது அந்த ஹெல்மெட் வெடித்தது. உள்ளே இருக்கிற வெள்ளை நுரைக்கட்டியும் பிளந்துவிட்டது. பசை ஊற்றினேன், வெளியே டேப் சுற்றினேன், கொண்டுபோய்க் கம்பியில் மாட்டினேன். எனக்குப் புதுசு ஒன்று வாங்கிக்கொண்டேன். தூக்கிப் போட மனசு வரவில்லை. 'யாருக்காவது உதவுமே' என்றுகூட நினைத்தேன்.

ரொட்டி வரவில்லையே என்று நான் சிம்பாங்குக்கு நடந்தேன். (ஆமாம், ரொட்டிக்காகத்தான் போனேன்.) வளைவில் கூட்டம். பலகை ஏற்றின லோரி குறுக்கே நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன்.

இதை எப்படிச் சொல்வது. ஆள் கிடக்கிறான். அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் ஹெல்மெட்டைப் பார்த்தேன். பசை ஊற்றின அதே கோட்டில் பிளந்து இரண்டு துண்டாகக் கிடந்தது. சிவப்பு டேப் ஒரு துண்டில். என் காதில் ஒரு சத்தமும் இல்லை. லோரிக்காரன் வாய் மட்டும் அசைந்தது. அப்போது என் கால் அந்தத் துண்டை—

முடித்துவிடுகிறேன். என் கால் அந்தத் துண்டைத் தள்ளியது. கால்வாய்க்குள். முதல் நாள் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, இழுத்துக்கொண்டு போய்விட்டது.*

அதற்குப் பிறகுதான் "யோகா" என்று கத்தினேன். கிழவர் விழுந்துவிடுவார் என்று நாலு பேர் என்னைத் தாங்கிப் பிடித்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

* இந்த இடத்தை ஐந்து தடவை எழுதினேன். நாலு தடவை துண்டு தானாக உருண்டு போனது.

5

ஸ்டேஷனில் கேட்டார்கள்: "ஹெல்மெட் பாக்காய் தாக்?"

"பாக்காய்" என்றேன். போட்டிருந்தான். அவர் தட்டிக்கொண்டார். எந்த ஹெல்மெட் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முடிந்தது.

முடிவு மூன்று வைத்திருந்தேன்.

ஒன்றில் யோகேந்திரன் பிழைத்து வருகிறான். 'உங்க ஹெல்மெட்தான் மாமா என்னைக் காப்பாத்துச்சு' என்கிறான். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் ஒருமுறை படித்தேன். கிழித்தேன்.

இன்னொன்றில் டேப் சுற்றினது மஜீத் பாய். அந்த மனிதன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதையும் கிழித்தேன்.

மூன்றாவதில் ஒரு டாக்டர் வருகிறார். இவ்வளவு பெரிய லோரி, எந்த ஹெல்மெட் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். டாக்டரை உண்டாக்கினது நான். உண்மையில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. மாற்றியும் சொல்லவில்லை. நான் கேட்டால்தானே சொல்வார்கள்? இந்த ஒன்றை மட்டும் கிழிக்கவில்லை. தலையணைக்கு அடியில் இருக்கிறது.

6

இன்று மத்தியானம் குணசுந்தரி வந்தாள். அவன் போய் முப்பது நாள். நோட்டை மூடக்கூட எனக்கு நேரமில்லை.

"என்ன மாமா, பரீட்சையா?"

"சும்மா. கதை."

"நீங்களா? கதை எழுதுறவன்லாம் புளுகன்னு சொல்லுவீங்களே."

"அதான் நானும் சேந்துட்டேன்."

லேசாகச் சிரித்தாள். உட்கார்ந்தாள். புடவை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள்.

"மாமா, ஒன்னு கேக்கணும். வீட்டு வாசல தாண்டுனா அவரு அதெல்லாம் மாட்டாம போவே மாட்டாரு. அன்னிக்கு மட்டும் ஏன் சும்மா போனாரு?"

நான் நோட்டை மூடினேன்.

"மொத நாளு எங்களுக்குள்ள சண்டை. ஒங்களக் கட்டி எனக்கு என்ன சொகம், நீங்க இருந்தா என்ன போனா என்னன்னு கேட்டேன். நான்தான் கேட்டேன் மாமா. அத மனசுல வச்சிக்கிட்டு, இருந்தா என்ன போனா என்னன்னுதான் கெளம்பிட்டாரா? நீங்க காலைல பாத்தீங்கள்ல. மொகம் எப்படி இருந்துச்சு?"

முப்பது நாளாக இந்தப் பெண் இதையா நினைத்துக்கொண்டிருக்கிறாள்? சுவருக்கு அந்தப் பக்கம் இதோடுதான் படுத்து எழுந்திருக்கிறாளா? நான் என் ஹெல்மெட்டை மறைப்பதிலேயே இருந்தேன். வேறு எதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ஞாபகமில்லம்மா" என்றேன்.

சத்தியமாக இதைத்தான் சொன்னேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நோட்டைப் பார்த்தாள். "எழுதி முடிச்சா குடுங்க மாமா. பள்ளி கம்ப்யூட்டர்ல நான் டைப் பண்ணி பத்திரிகைக்கு அனுப்புறேன். ஒங்க கையெழுத்த பாத்தா அவங்க ஓடிப்போயிருவாங்க. கை சும்மா இருந்தா எனக்கும் நெஞ்சு அடைக்குது. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

7

ஆகவே வாசகரே, இதை முதலில் படிக்கப்போவது நீங்கள் இல்லை. தலையணைக்கு அடியில் இருக்கிற டாக்டர் கதையைக் கொடுத்தால் நாளைக்கே டைப் ஆகி உங்களிடம் வந்துவிடும். அதில் அவளுக்குப் பதில் இல்லை. இந்த நோட்டில் இருக்கிறது. உங்களோடு பேசினது போதும், கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள்.

குணா, இதுவரைக்கும் டைப் பண்ணியிருந்தால் உனக்குத் தெரிந்துவிட்டது. உன் சண்டையை அவன் நினைக்கவே இல்லை. எனக்கும் சேர்த்து ரொட்டி வாங்கப் போனான். நான் கேலி பேசினதால் கழற்றிவைத்தான். தலையில் இருந்தது என் ஹெல்மெட். துண்டைத் தள்ளினது என் கால். நீ வந்து கேட்டபோது ஞாபகமில்லை என்று புளுகினதும் நான்தான்.

பத்திரிகைக்கு அனுப்புவாயோ, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவாயோ, அடுப்பில் போடுவாயோ, உன் இஷ்டம். நான் வீட்டில்தான் இருப்பேன், கதவைச் சாத்த மாட்டேன். இந்தக் கதைக்கு முடிவு ஒன்று வேண்டுமென்றால் பக்கத்தில் பாதி காலியாக விட்டிருக்கிறேன், நீயே எழுது.

எழுத்துப் பிழை நிறைய இருக்கும், திருத்திக்கொள் அம்மா. நான் செய்ததை மட்டும் திருத்தாதே.