இடது மேல் மூலைப் பொத்தான்

1

எண்ணூற்று ஐம்பது யென். நுமதாவின் நூடுல்ஸ் கடைக்கு, என்னோடு கூலி வேலை பார்க்கும் செகினே தரவேண்டியிருந்தது அவ்வளவுதான். அந்தக் காசு பதினான்கு மாதம் ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் கிடந்தது. கிடந்ததற்குக் காரணம் நான். இந்தக் கதை பிறந்த இடம் அதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் சொல்லமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

மாலைப் பள்ளிக்கூடத்து ஒகிதா டீச்சர் கேட்டது இரண்டு பக்கக் கட்டுரை. தலைப்பு: எனக்குப் பிடித்த சாப்பாடு. சாப்பாட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். செகினே வந்துவிட்டார்.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

ஒன்று: "ஜூலை மாத வெயிலில் இரண்டு கூலிக்காரர்கள் தளர்ந்த நடையில்–" பொய். அன்று கான்கிரீட் லாரி வரவில்லை. பதினொரு மணிக்கே வேலை முடிந்து முழு நாள் கூலி கையில் இருந்தது. துள்ளாத குறை.

இரண்டு: "ஒன்பது ஸ்டூல் போட்ட அந்தச் சின்னக் கடையில், தலையில் துண்டு கட்டிய நுமதா–" எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்படியே விட்டால் துண்டின் நிறத்தையும் சொல்லத் தோன்றும். நிறம் எனக்கு நினைவில்லை.

மூன்று: மெஷினிலிருந்து. இதுதான் சரி.

நுமதா கடைக் கதவைத் திறந்தால் முதலில் நிற்பது டிக்கெட் மெஷின். காசைப் போடு, பொத்தானை அழுத்து, டிக்கெட்டைக் கவுண்டரில் வை, உட்கார். நுமதா காசைக் கையால் தொடுவதில்லை. ஆகவே அது கடன் என்ற ஒன்று உண்டாகவே முடியாத கடை. மெஷினில் இருபத்து நான்கு பொத்தான், ஒவ்வொன்றிலும் எழுத்து. எங்களுக்கு அந்த எழுத்து தெரியாது. சின்னப் பிள்ளைகள் முதலில் பழகும் சுழி எழுத்து தெரியும். அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் இருக்கிற கட்டெழுத்து தெரியாது. செகினே பன்னிரண்டு வயதில் கணவாய் மீன் பிடிக்கும் படகில் ஏறியவர். நான்... என் கதை இங்கே வேண்டாம்.

ஆனால் எங்களுக்கு ஒரு வித்தை தெரியும். எந்த ஊர் ராமென் நூடுல்ஸ் கடையானாலும் இடது மேல் மூலைப் பொத்தானில்தான் கடைக்காரன் தன் பெருமையை வைத்திருப்பான். நுமதாவின் பெருமை தோய்ப்பு நூடுல்ஸ். தடித்த நூடுல்ஸை வேகவைத்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசி ஒரு கிண்ணம். பன்றி எலும்பும் கருவாடும் சேர்ந்து கொதித்த கெட்டிக் குழம்பு இன்னொரு கிண்ணம். இதை எடுத்து அதில் தோய்த்து உறிஞ்ச வேண்டும். தோய்த்தது போக மிச்சமிருக்கும் குழம்பில் சூடான வடிநீர் ஊற்றித் தருவார்கள். அதையும் குடித்தால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு.

செகினே ஒன்பது வருஷம் அந்த ஒரே பொத்தானை அழுத்தினார். நுமதா அதை ருசி தெரிந்தவரின் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார்.

"வர்றவன்லாம் முட்டை சேத்தி, கறி சேத்தின்னு அழுத்துறான். அண்ணன் ஒருத்தர்தான் என் கடையைப் புரிஞ்சிக்கிட்டவரு."

"கூட ஒண்ணு சேத்தா உன் குழம்புக்கு என்னப்பா மரியாதை" என்பார் செகினே. அப்போது அந்த முதுகு எப்படி நிமிரும் தெரியுமா? சாரத்தில் இரும்புக் குழாய் சுமந்து வளைந்த முதுகு அது.

3

அன்று எங்களுக்குக் கூலியாகக் கிடைத்தது ஆளுக்கு ஒரு புது பத்தாயிரம். அரசாங்கம் அந்த வாரம்தான் புது நோட்டு விட்டிருந்தது. பையில் கிடந்த என் பழைய ஆயிரத்தை மெஷின் விழுங்கியது. செகினேயின் நோட்டைத் துப்பியது. திருப்பிப் போட்டார், துப்பியது. பேண்டில் தேய்த்துப் போட்டார், துப்பியது. பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

"அண்ணே, அது புதுசு. மெஷினுக்குத் தெரியாது" என்றார் நுமதா, உள்ளேயிருந்து.

"நீ மாத்திக் குடு."

"பத்தாயிரத்தை எங்க மாத்துறது? எல்லாக் காசும் அது வயித்துலதானே இருக்கு. உக்காருங்க. நாளைக்குக் குடுங்க."

"கடனா?"

"ஏன் அந்த வார்த்தை? நாளைக்குன்னு சொல்லுங்களேன்."

என்னிடம் மிச்சம் நூற்று ஐம்பதுதான். செகினே உட்கார்ந்தார். சாப்பிட்டார். ஆனால் உறிஞ்சும் சத்தம் வரவில்லை. வடிநீர் கேட்காமல் எழுந்துவிட்டார். தெருவில் வந்து ஏனென்று கேட்டேன்.

"காசு குடுக்காத சாப்பாட்டைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கிற ஆள் நான் இல்லடா."

(இந்த வரியை நான் இட்டுக்கட்டவில்லை. இதில் நான் இட்டுக்கட்டியது வேறொன்று. அடுத்ததில் வருகிறது. அதை எழுதாமல் ஐந்தாவதுக்குப் போய்விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.)

4

மறுநாள் மத்தியானம் செகினே காசை எண்ணி உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தார். ஒரு ஐந்நூறு, மூன்று நூறு, ஓட்டை போட்ட ஐம்பது ஒன்று. கடைக் கதவுக் கண்ணாடியில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. நேற்று இல்லை. கையால் எழுதிய இரண்டு வரி.

"என்னடா இவாசே, என்ன போட்டிருக்கு?"

என்னைத்தான் கேட்பார். ஏனென்றால் நான் கண்ணாடி போட்டவன். வேலையிடத்தில் டீ நேரத்தில் செய்தித்தாளை விரித்து, 'ம்' என்று தலையாட்டி, பக்கம் புரட்டுபவன். பந்தயக் குதிரைப் படம் வந்தால் கொஞ்சம் அதிக நேரம் ஆட்டுவேன். எனக்குப் படிக்கத் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்தப் பெயரை ஒன்பது வருஷம் தீனி போட்டு வளர்த்திருந்தேன்.

தாளில் எல்லாம் கட்டெழுத்து. முதல் வரியின் கடைசியில் மட்டும் சில சுழி எழுத்து. 'முடியாது' என்று முடிவது தெரிந்தது. என்ன முடியாது, யாருக்கு முடியாது, தெரியவில்லை.

'எனக்கும் தெரியாதுண்ணே.' இரண்டே வார்த்தை.

நான் சொன்னது: "கடன் சொல்லி சாப்பிட முடியாதுன்னு போட்டிருக்காருண்ணே."

செகினே தாளையே பார்த்தார். உள்ளே நுமதா நூடுல்ஸை உதறிக்கொண்டிருந்தார், எங்களைப் பார்க்கவில்லை.

"ஒரு ராத்திரி பொறுக்கல" என்றார் செகினே. "ஊரே பாக்க ஒட்டிட்டான்."

"போய்க் குடுத்துடுங்கண்ணே. முடிஞ்சிடும்."

"நாளைக்குன்னு சொன்னவன் மூஞ்சிக்குக் குடுக்கத்தான் கொண்டுவந்தேன். தாளுக்கு எதுக்குக் குடுக்கணும்? வந்து கேக்கட்டும். கேட்டா அந்த நிமிஷமே குடுப்பேன்."

காசை மிட்டாய் டப்பாவில் போட்டு மூடினார். அதன் பிறகு அந்தத் தெருவில் எதிர்ச்சாரியில்தான் நடந்தார்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நான் கட்டிய முதல் கதை அதுதான் என்று இப்போது புரிகிறது. தெரிந்த ஒரு வார்த்தையைக் கடைசியில் வைத்தேன். தெரியாத இடத்தையெல்லாம் வாயில் வந்ததைப் போட்டு அடைத்தேன். கேட்டவர் நம்பினார். கதை எழுதுகிற எல்லோரும் இப்படித்தான் செய்வார்களோ என்னவோ. ஆனால் அவர்கள் கதையால் ஒருவர் பிடித்த சாப்பாட்டை விட்டிருக்கமாட்டார்.

5

இந்த இடத்தில் செகினே மேல் சந்தேகம் வரும் உங்களுக்கு. எனக்கும் வந்தது. எண்ணூற்று ஐம்பதுக்கு ஒரு மனிதன் இவ்வளவு செய்வானா? கொஞ்சம் குறைத்து எழுதலாமா என்று பார்த்தேன். "செகினேக்கு மெல்ல மெல்லக் கோபம் தணிந்–" தணியவில்லை. சுவரோரம் உட்கார்ந்து குளிர்ந்த சோற்றுருண்டையைத் தின்றுகொண்டே, தெருவில் யாராவது கருவாட்டுக் குழம்பு வாசனையோடு போனால் மெல்லுவதை நிறுத்திவிடுவார். அவ்வளவுதான். நுமதா பேரைச் சொல்லித் திட்டியது கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் சொன்னார்: "மாலைப் பள்ளிக்கூடத்துல பேர் குடுத்துட்டேன். இனிமே எவன் ஒட்டினாலும் நானே படிச்சிக்கிறேன்."

"இந்த வயசுலயா? பசங்க சிரிப்பாங்கண்ணே."

"சிரிக்கட்டும். நீயும் வா. படிச்ச ஆள் பக்கத்துல இருந்தா எனக்கு ஒத்தாசை."

எப்படி மறுப்பது? போனேன். வாசலில் ஒகிதா டீச்சர் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பத்து நிமிஷத்தில் என்னைச் செகினேயின் பெஞ்சிலேயே, முதலாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார். செகினே அழிரப்பரைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார்.

பிறகு கரும்பலகையில் எழுத்துகள் வர ஆரம்பித்தன. நவம்பரில் 'புது.' ஜனவரியில் 'காகிதம்.' ஒவ்வொன்றும் அந்தத் தாளில் பார்த்த உருவம். ஜூன் மாதம் 'பயன்படுத்து' வந்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செகினே அதையே நோட்டில் இருபது தடவை எழுதினார், நாக்கைக் கடித்துக்கொண்டு. அவர் கடையிலேயே நல்ல எழுத்து அவருடையதுதான்... வகுப்பிலேயே என்று எழுத வந்தேன். அடிக்காமல் விடுகிறேன், கை எங்கே போகிறதென்று தெரியட்டும்.

6

முடிவுகள்.

அ) தாளை நான் ராத்திரியோடு ராத்திரியாகக் கிழித்துவிடுகிறேன். (ஒரு தடவை தெருமுனை வரை போனேன். திரும்பிவிட்டேன்.)

ஆ) செகினே படிக்கிறார், என்னை அறைகிறார், நான் அழுகிறேன், கட்டிக்கொள்கிறோம். (இதை எழுதியபோது எனக்கே கூச்சமாக இருந்தது.)

இ) நடந்தது.

போன செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். செகினே சலவைச் சட்டை போட்டிருந்தார். எதிர்ச்சாரியிலிருந்து தெருவைக் குறுக்கே கடந்து நேராகக் கதவுக்கு முன் நின்றார். தாள் இன்னும் இருந்தது, ஓரம் பழுத்து. புது மெஷின் வாங்க நுமதாவிடம் காசு இல்லை. செகினே விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

"புது... நோட்டுகளைப்... பயன்படுத்த... முடியாது."

இரண்டாவது வரிக்கு விரலை இறக்கினார்.

"மன்னிக்கவும்."

அந்தத் தாள் மன்னிப்புக் கேட்டிருந்தது. பதினான்கு மாதமாக, போகிற வருகிற எல்லோரிடமும்.

நான் முன்னால் வந்தேன். "அண்ணே, நான் அன்னைக்கு–"

"தெரியும்டா. பள்ளிக்கூடத்துல மொத நாளே தெரியும். உன்னை என் பெஞ்சுலதானே உக்கார வெச்சாங்க."

"அப்பவே டீச்சர்கிட்ட கேட்டிருக்கலாமே. இங்கயே வந்திருக்கலாமே."

"டீச்சர் சொன்னா அது டீச்சர் படிச்சது. நீ சொன்னது நீ படிச்சது." கண்ணாடியில் விரலால் தட்டினார். "இது நான் படிச்சது."

உள்ளே போனார். நுமதா தலையைத் தூக்கினார், கரண்டி பாதியில் நின்றது.

"அண்ணே! செத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"பள்ளிக்கூடம் போனேன். நேரமில்ல." டப்பாவைத் திறந்து காசைக் கவுண்டரில் வரிசையாக அடுக்கினார். "நாளைக்குன்னியே. இந்தா."

நுமதா கையைத் துடைத்துக்கொண்டு கவுண்டருக்கு வெளியே வந்தார். காசை எடுத்து மெஷினுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டார். அந்தக் கடையில் காசு போகவேண்டிய இடம் அதுதான். இடது மேல் மூலைப் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரியவில்லை. விலை வசந்தத்திலேயே தொள்ளாயிரம் ஆகியிருந்தது.

"அட, மறந்துட்டேன். விடுங்கண்ணே, நான் போடறேன்."

"நீ போடாத" என்றார் செகினே. என் பக்கம் திரும்பி உள்ளங்கையை நீட்டினார். "அம்பது குடு. அது நீ தரவேண்டியது."

கொடுத்தேன். போட்டார். விளக்கு எரிந்தது. ஆனாலும் உடனே அழுத்தவில்லை. பொத்தான்களை மேலிருந்து கீழே, இருபத்து நான்கையும் படித்தார். முட்டை. மூங்கில் குருத்து. பெரிய அளவு. இரண்டு இடத்தில் தடுக்கி, மறுபடி வந்து சரியாகச் சொன்னார். பின்னால் நின்ற ஒருவர் பெருமூச்சு விட்டார். நுமதா அவரைப் பார்த்த பார்வையில் அவர் போனை நோண்டத் தொடங்கினார்.

கடைசியில் இடது மேல் மூலையையே அழுத்தினார்.

"எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் சொல்றேன் நுமதா. இதான் உன்கிட்ட நல்லது."

நுமதா துண்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டார். (நீலம். இப்போது தெரியும்.)

செகினே அந்த டிக்கெட்டைக் கவுண்டரில் வைத்தார். "இது போன வருஷத்துச் சாப்பாடு. சாப்பிட்டாச்சு, நூடுல்ஸ் வேணாம். வடிநீர் மட்டும் பாக்கி."

நுமதா டிக்கெட்டைக் கிழித்தார். கிண்ணத்தில் கொஞ்சம் குழம்பு விட்டு, வடிநீர் ஊற்றி வைத்தார். செகினே இரண்டு கையாலும் தூக்கி, சத்தம் போட்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தார். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

எண்ணூற்று ஐம்பது தீர்ந்தது.

7

ஐம்பது யென்னில் என் கணக்கும் தீர்ந்ததா என்று டீச்சர் கேட்பார். நீங்களும் கேட்பீர்கள். செகினே வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. வரும்போது என் தோளில் கை போட்டாரா, படி இறங்க என்னைப் பிடித்துக்கொண்டாரா என்பதைக்கூட என்னால் அடித்துச் சொல்ல முடியாது. தெரியாத இடத்தை அடைத்து எழுதுவதை நான் விட்டுவிட்டேன்.

நாளைக்கு இந்தக் கட்டுரையை வகுப்பில் சுற்றுக்கு விடுவார்கள். பக்கத்துப் பெஞ்சு என்பதால் முதலில் செகினேயிடம்தான் போகும். யாரும் அவருக்குப் படித்துச் சொல்லவேண்டியதில்லை. அவர் எழுதட்டும் என்றே கீழே மூன்று வரி வெறுமையாக விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தோன்றினால் நீங்களும் எழுதலாம். பென்சிலில் எழுதுங்கள், அழிரப்பர் எங்களிடம் இருக்கிறது, ஆளுக்குப் பாதி.

………………………………

………………………………

………………………………