தராசுப் பட்டறையின் மாப்பிள்ளை

அன்று பட்டறையில் இருந்தவர்கள் இவர்கள்: நான், என் தங்கை, துரை என்று நாங்கள் அழைத்த வேலையாள், பக்கத்து மருந்துக்கடைக்காரர், சோதனை அதிகாரி, வாசலை மறித்து நின்ற துப்பாக்கிக்காரர் இருவர். ஆக ஏழு பேர். தானும் அங்கே இருந்ததாகச் சொல்லித் திரிகிற எட்டாவது ஆள் யாராக இருந்தாலும் அவர் பேச்சை நம்ப வேண்டாம்.

எங்களுடையது தராசு செய்து பழுது பார்க்கும் பட்டறை. எங்கள் முத்திரை விழுந்த தராசை இந்தத் தெருவில் யாரும் மறுபடி சோதித்ததில்லை. அப்பா போனபோது தங்கைக்கு ஒன்பது வயது. வளர்த்தது நான். எழுத்தறியாதவன் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வர முடியாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். மருந்துக்கடைக்காரரின் மைத்துனன் என் தங்கையைப் பெண் கேட்டு எழுதிய கடிதத்தில் இரண்டு பிழை. சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகும் மருந்துக்கடைக்காரர் என்னோடு சிரித்துத்தான் பேசினார். ஆனால் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

போரின் இரண்டாம் ஆண்டு, ஓர் இனத்தார் மட்டும் பெயர் பதிந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. பதிந்தவர்களை லாரிகளில் ஏற்றிப் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. பதியாமல் ஒளிந்தவர்களின் அடையாளங்களை நோட்டீஸ் அடித்துச் சுவர்களில் ஒட்டினார்கள். ஒளித்து வைத்த வீட்டாருக்கும் அதே லாரிதான். யார் யாரைக் காட்டிக்கொடுப்பார் என்று தெரியாததால், தெருவில் எல்லாரும் மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் மட்டுமே பேசினோம்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை ஒருவனை அழைத்து வந்தாள். நாற்பதுக்குள் இருக்கும். "நல்ல வேலைக்காரர் அண்ணா. அவர் ஊர்ல குண்டு விழுந்து கடை போயிருச்சாம்" என்றாள். அடையாள அட்டை சரியாக இருந்தது. சற்று அதிகமாகவே சரியாக இருந்தது. மூலை மடங்கவில்லை, வியர்வைக் கறை இல்லை.

வேலை கொடுத்துப் பார்த்தேன். தராசு முள்ளை முகத்தருகே வைத்து மயிரிழை விலகலையும் கண்டுபிடித்தான். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது அவன் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் தெருவில் எதிரே வந்தால் வணக்கம் சொல்ல மாட்டான். முதல் நாள் பொறுத்தேன். இரண்டாம் நாள் நானே, யாருக்கும் முதலில் தலையசைக்காத நானே, தலையசைத்தேன். கட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கடந்து போனான்.

"என்ன பெரியவரே, உங்க ஆளு உங்களையே கண்டுக்க மாட்டேங்கிறான்? பெரிய துரைதான் போங்க!" என்றார் மருந்துக்கடைக்காரர். துரை என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

மயிரிழையைப் பார்க்கிற கண்ணுக்கு ஆறடி ஆள் தெரியாதா? கூலிக்கு வந்தவனுக்கு இத்தனை திமிர் எங்கிருந்து வரும்? பின்னால் பெரிய இடம் இருந்தால்தான் வரும். ஒற்றன் என்று முடிவு கட்டினேன். அவன் ஜன்னலோரம் நின்றால் வேவு பார்ப்பதாகத் தோன்றியது, பேசாமல் இருந்தால் காது கொடுத்துக் கேட்பதாகத் தோன்றியது. மதியம் சாப்பிட்டதும் வெளியே போவான். இரண்டு நிமிடம் கழித்துத் தங்கையும் போவாள். அதைக் கண்ட அன்று இன்னொரு சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

ஒரு நாள் பின்தொடர்ந்தேன். என் வயதில், என் நிலையில், சுவரோரம் பதுங்கிப் போனேன். தெருமுனையில் தங்கை அவனுக்கு அரை அடி முன்னால் நடந்தாள். உதடு அசையாமல் பேசினாள்.

"படி ஒண்ணு இறங்குங்க. இடது பக்கம் ரொட்டிக்கடைக்காரர் வர்றார், சிரிங்க. இப்ப வலது பக்கம்..."

அவள் முடிப்பதற்குள் அவன் வலது பக்கம் திரும்பி மிகுந்த மரியாதையோடு தலை வணங்கினான். அங்கே இருந்தது தபால் பெட்டி.

"அவரு பதில் வணக்கம் சொல்லலியே?" என்றான்.

"வாயைத் திறந்துதான் வெச்சிருக்காரு. சொல்வாரு" என்று தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மாலையில் இருவரையும் கிடங்கறையில் நிறுத்தினேன்.

"இவன் யாரு?"

"அண்ணா, மெதுவா..."

"என் வீட்டுல நான் எதுக்கு மெதுவாப் பேசணும்?"

அவனே பதில் சொன்னான். "சுவத்துல ஒட்டியிருக்காங்களே, தடிமனான கண்ணாடி போட்ட வாத்தியார்னு. அது நான்தாங்க."

"கண்ணாடிய நொறுக்கிச் சாக்கடையில போட்டது நான், அண்ணா" என்றாள் தங்கை. "அது இருந்தா பார்த்ததுமே பிடிச்சிருவாங்க. இப்ப நாலடிக்கு அப்பால அவருக்கு எல்லாமே புகைதான். நீங்க எது, தூண் எதுன்னு தெரியாது."

"தூணுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"தூண் கோவிச்சுக்காது, அண்ணா."

"வாத்தியாருக்கு அரம் பிடிக்க யாரு கத்துக்குடுத்தா?"

"நான்தான். நீங்க எனக்குச் சொன்னதைத்தான் சொன்னேன்."

"எத்தனை நாளாப் பழக்கம்?"

"மூணு வருஷம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தராசு கொண்டுபோய்க் குடுத்தேனே, அப்பலேருந்து. உங்ககிட்டச் சொல்லத்தான் பயம். லாரிக்குக்கூட இவ்வளவு பயப்படல."

ஒற்றன் இல்லை என்று தெரிந்தும் எனக்கு நிம்மதி வரவில்லை. என் கூரையின் கீழ் பொய்ப் பெயரில் என்னை ஏமாற்றியிருந்தார்கள். அவன் வெளியேற மூன்று நாள் தவணை கொடுத்தேன். "அவர் போனா நானும் போவேன்" என்றாள். "உன் இஷ்டம்" என்றேன். சொன்னதை மறைக்கப் போவதில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். துப்புக் கொடுத்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மருந்துக்கடைக்காரர் தம் சின்னத் தராசை வாங்குவதற்காகச் சரியாக அதே நேரத்துக்கு வந்திருந்தார். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

அதிகாரி அட்டையைப் புரட்டிப் பார்த்தார். துரையைக் கதவோரம் நிறுத்தி, பதினைந்தடி தள்ளி எதிர்ச் சுவரில் தொங்கிய எங்கள் உரிமப் பத்திரத்தைக் காட்டினார்.

"கண்ணாடியக் கழட்டி வீசிட்டு நிறைய பேர் திரியுறாங்க. அதான் ஒரு சின்னப் பரீட்சை. மேல் வரியப் படி."

எழுத்து பெரியதுதான். துரை அந்தத் திசையைப் பார்த்தார். தங்கை கையிலிருந்த எடைக்கல்லைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தாள். அவளும் அவரோடு லாரியில் ஏறத் தயாராகிவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

"அவனுக்குப் படிக்கத் தெரியாது" என்றேன்.

"என்னது?"

"தற்குறி. என் தங்கச்சி கட்டிக்கப் போறவன். அவ பிடிவாதம். எழுத்து வாசனை இல்லாதவனுக்குப் பொண்ணு குடுக்கிறது வெளியில தெரிஞ்சா மானம் போயிரும்னு மூடி மூடி வெச்சிருந்தேன். இப்ப நாலு பேர் முன்னால என் வாயாலயே சொல்ல வெச்சுட்டீங்க. திருப்தியா?"

என் குரல் நடுங்கியது. அதை நான் நடிக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் சிரிக்கத் தொடங்கினார். மூக்கில் தொடங்கிய சிரிப்பு வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போனது.

"என் மச்சினன் கடுதாசியில ரெண்டு தப்புன்னு செவப்பு மையால சுழிச்சு அனுப்பினீங்களே, பெரியவரே! கடைசியில ஒரு தற்குறிதான் கிடைச்சானா? ஐயோ, இதை உடனே வீட்டுல போய்ச் சொல்லணுமே!"

அந்தச் சிரிப்பை உலகத்தில் எவனாலும் நடித்திருக்க முடியாது. அதிகாரியின் உதடும் விரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"அட்டையில கையெழுத்து இருக்கே?"

"பேரை மட்டும் வரையக் கத்துக்குடுத்திருக்கேன். அதுக்கே நாலு மாசம் ஆச்சு" என்றாள் தங்கை.

அதிகாரி பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்துத் தலைகீழாகத் துரையின் கையில் திணித்தார். அவரைப் பற்றிய நோட்டீஸ்தான். துரை அதைத் திருப்பவில்லை. இரண்டு கையாலும் அப்படியே பிடித்துக்கொண்டு, "இதுல என்னங்க போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"உனக்கெதுக்குப்பா அது?" என்று அதிகாரி பிடுங்கிக்கொண்டார். என்னைப் பார்த்து, "கல்யாணத்துக்குக் கூப்பிடுங்க" என்றார். போய்விட்டார்கள்.

ஒரே மூச்சில் இரண்டு பொய் சொல்லியிருந்தேன். ஒன்றையாவது மெய்யாக்குவது என் கடமை. அந்த வாரமே பதிவு அலுவலகத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. பொய்ப் பெயரில்தான், வேறு வழியில்லை. மூன்று நாள் தவணையைப் பற்றி நான் பேசவில்லை, அவர்களும் கேட்கவில்லை. போர் முடிந்ததும் சொந்தப் பெயரில் இன்னொரு முறை பதிந்தோம். இரண்டுக்கும் சாட்சி நான்.

எங்கள் மாப்பிள்ளை எழுத்தறியாதவர் என்றும், மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தவர்போல் பாவனை செய்கிறார் என்றும் இந்தத் தெருவில் இன்றும் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. அவர் பதினோரு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு கற்பித்தவர்.