கோதுமை படாத குசினி

துறைமுகத்து மா ஆலையில் மூட்டை கட்டுகிறவனின் வீட்டில் கோதுமை மாவுக்குத் தடை என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? கிறிஸ்டின் அந்தத் தடையைப் போட்டபோது முதலில் சிரித்தவன் அவளுடைய புருஷன் ஜக்சன்தான். “எங்களுக்குச் சோறு போடுறதே கோதுமை. அதையே வீட்டுக்குள்ள வராத எண்டுறாய்,” என்றான். சிரித்தாலும் சொன்னபடி செய்தான். வேலை முடிந்து வந்ததும் கிணற்றடியில் உடுப்பைக் கழற்றி, தலையோடு குளித்த பிறகுதான் படி ஏறுவான்.

கிறிஸ்டின் நிலாவெளியில் ஒரு ஹோட்டல் குசினியில் பதினொரு வருடம் நின்றவள். வெள்ளைக்காரர் ஒருவர் தனக்குக் கோதுமை ஆகாது என்று சொன்னால் அங்கே தட்டு வேறு, கத்தி வேறு. உள்ளூர்ப் பிள்ளைக்கு அதே கோளாறு என்றால், “தின்னத் தின்னப் பழகிடும்” என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தில்தான் வேலையை விட்டாள். வீட்டின் பின் அறையைக் குசினியாக்கி, கோதுமை ஆகாதவர்களுக்கென்று, வெள்ளைக்காரர் பிரெட், பன் என்கிற பாணும் பணிசும் சுடத் தொடங்கினாள். சிவப்பரிசி மா, குரக்கன் மா, மரவள்ளி மா, இவ்வளவுதான் சரக்கு. முட்டை ஆகாதவர்களுக்காகத் திங்களும் வியாழனும் முட்டையும் கிடையாது. பாண் சுடுகிற பழைய போறணை அடுப்பு ஒன்று பாதி விலைக்கு வந்தது. அதன் இடுக்கெல்லாம் இருபது வருடத்துக் கோதுமை இருக்கும் என்று வேண்டாமென்றுவிட்டாள். பங்குச் சுவாமியார் ஆசீர்வதிக்க வந்தபோதுகூட, வாசலில் நின்றபடியே தீர்த்தத்தைத் தெளித்துவிட்டுப் போகச் சொன்னாள். அவ்வளவு கெடுபிடி.

அரிசி அரைப்பது சந்தைக்குப் பின்னாலிருந்த றஊப் நானாவின் மில்லில். திங்கட்கிழமை முதல் அரைப்பு அவளுடையது. அதற்கு முன் நானா மெஷினைக் கழற்றிக் கழுவி, ஒரு கொத்து அரிசியை ஓட்டி, அந்த மாவைக் கோழிக்குக் கொட்டிவிடுவார். சொன்ன வார்த்தைக்கு இரண்டு வார்த்தை பேசாத மனிதர்.

சனிக்கிழமைதோறும் குறிஞ்சாக்கேணியிலிருந்து பஸ் ஏறி வருபவள் ரிஸ்னா. அவளுடைய மகள் அசனாவுக்கு ஆறு வயது. ஒரு நுள்ளுக் கோதுமை பட்டாலும் உதடு வீங்கி, மூச்சு இழுக்கும். பள்ளிக்கூட இடைவேளையில் மற்றப் பிள்ளைகளைப்போல அசனாவும் டப்பாவைத் திறந்து பணிஸ் தின்னத் தொடங்கியது கிறிஸ்டினின் கடை வந்த பிறகுதான்.

அந்தப் பணிசைத் தின்றுதான் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அசனா ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசி போட்டு, ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். பிள்ளை பிழைத்துவிட்டாள். ஆனால் ரிஸ்னா போனில் அழுத அழுகை நிற்கவில்லை.

“என்ர குசினியில வர வாய்ப்பே இல்ல, ரிஸ்னா. மாவிலதான் வந்திருக்கு,” என்றாள் கிறிஸ்டின்.

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. திங்கட்கிழமை விடிந்ததும் மில்லுக்குப் போனாள். சனம் வரிசையில் நின்றது. நின்றவர்களுக்கு நடுவில் வைத்து நானாவை ஏசித் தீர்த்தாள்.

“சத்துமாவுக்குக் கோதுமை அரைச்ச மெஷினக் கழுவாமத்தானே எனக்குப் போட்டனீங்க? பிள்ளையக் கொல்லப் பாத்தீங்களே!”

“நான் கழுவித்தான் போட்டன், தங்கச்சி,” என்றார் நானா. அதற்கு மேல் அவர் பேசவில்லை. அவர் பேசாமல் நின்றதை அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள். ரிஸ்னாவுக்கும் அப்படியே சொன்னாள். ரிஸ்னா அதைத் தாய்மார் வாட்ஸ்அப்பில் போட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரிஸ்னாவின் ஊர்ப்பக்கமான கிண்ணியாவிலிருந்து வந்து நானாவிடம் பிள்ளைகளுக்குச் சத்துமா அரைப்பிக்கிற பெண்கள் ஒவ்வொருவராக வேறு மில் தேடினார்கள்.

வியாழக்கிழமை கிறிஸ்டின் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பிசைந்த மாவை மூடி வைக்கிற வெள்ளைத் துணி ஒன்றின் மடிப்பில் ஏதோ விறைப்பாகக் கையில் தட்டுப்பட்டது. நகத்தால் சுரண்டினாள். காய்ந்த பசை. பெருநாளுக்குத் தோரணம் ஒட்டக் காய்ச்சுகிற அதே கோதுமைப் பசை.

பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது ஜக்சனின் ஆலை உடுப்பு. அதுவும் வெள்ளை. நிறத்துணி சாயம் விடும், வெள்ளையை வெள்ளையோடு ஊறப்போட வேண்டும் என்பது எந்தக் குடும்பப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதி. அவளும் அப்படித்தான் இரண்டையும் ஒரே பேசினில் ஊறப்போட்டு வந்தாள். தட்டைப் பிரித்தாள், கத்தியைப் பிரித்தாள், நாட்களைக்கூடப் பிரித்தாள். துணியை மட்டும் நிறம் பார்த்துச் சேர்த்துவிட்டாள். உடுப்பிலிருந்த மா தண்ணீரில் கரைந்து துணியின் மடிப்பில் ஒட்டியிருக்கிறது. ஈரம் பட்டதும் பணிசில் இறங்கியிருக்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா? அவள் அந்தக் கொடிக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜக்சன் வேலை முடிந்து வந்ததும் நடந்ததைச் சொன்னாள். கேட்டுவிட்டு அவன் சொன்னான்: “துணியளை எரிப்பம். வேற பேசின் வாங்குவம். வெளிய சொல்லாத. பிள்ளை சுகமாயிட்டாள். கடையிலதான் பிழை எண்டு தெரிஞ்சா ஆரும் படி மிதிக்கமாட்டினம்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. துணிகளை எரித்தாள். சனிக்கிழமை வர ஆயத்தமான ரிஸ்னாவிடம் போறணை பழுது என்று பொய் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழந்தாளிட்டபோது றஊப் நானாவின் முகம்தான் முன்னால் நின்றது. வெட்கமாக இருந்தது. திங்கள் காலை, ஜக்சனிடம் சொல்லாமல் மில்லுக்குப் போனாள்.

மில்லில் இரண்டே பேர் நின்றார்கள். அவள் நானாவை ஒருபக்கம் கூப்பிட்டு, நடந்ததை மெதுவான குரலில் சொன்னாள். நானா தலையாட்டிக் கேட்டார்.

“இத எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம், தங்கச்சி? நான் கழுவினது எனக்கு முதலே தெரியும். அண்டைக்கு நீங்க ஏசக்குள்ள பத்துப் பேர் நிண்டாங்க.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். கிறிஸ்டின் வீட்டுக்குப் போகாமல், சனம் காத்திருக்கிற வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். ரிஸ்னாவுக்குப் போன் எடுத்தாள்.

“றஊப் நானாட மில்லுக்கு வாங்க. அசனாட விசயம். போனில சொல்ல ஏலாது.”

ஒன்றரை மணி நேரம். மிளகாய் கொண்டு வந்தவர்கள், அரிசி கொண்டு வந்தவர்கள் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். எழும்பி ஓடிவிடலாமா என்று அவளுக்கு இரண்டு தரம் தோன்றியது. ரிஸ்னா வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்ததும் கிறிஸ்டின் எழும்பினாள். நானா மெஷினை நிறுத்தினார்.

“போன திங்கள் நான் நானாவை ஏசினதை உங்களில சில பேர் கேட்டிருப்பீங்க. அது பிழை. நானாட மாவில ஒண்டுமில்ல. என்ர மனுசன்ட ஆலை உடுப்போட மா மூடுற துணியையும் ஒண்டாத் தோய்ச்சது நான். கோதுமை என்ர குசினியிலதான் இருந்தது.”

அரிசிப் பையோடு நின்ற குணேஸ்வரி அவளிடம் வாராவாரம் பாண் வாங்குகிறவள். “அப்ப எங்கட பாணில?” என்றாள்.

“ஓம் அக்கா. உங்கட பாணிலயும் இருந்திருக்கும்.”

குணேஸ்வரி வாயில் கைவைத்தாள். ரிஸ்னா ஆட்களை விலக்கிக்கொண்டு கிறிஸ்டினின் முன்னால் வந்து நின்றாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று கிறிஸ்டின் நினைத்தாள்.

“நானாவ ஊரெல்லாம் நாறடிச்சது நான். என்னை அப்படிச் செய்ய வச்சது நீங்க.”

“ஓம்.”

“போறணை பழுதெண்டதும் பொய்யா?”

“ஓம்.”

“இனி உங்கட முகத்தில முழிக்கக் கூடாதெண்டு நான் போக வேணும், அக்கா. ஆனா போய் எங்க வாங்குற? அவளுக்கெண்டு வேற ஆர் சுடுறாங்க? ஒம்பது நாளாச்சு. பள்ளிக்குப் போகக்குள்ள தினமும் டப்பாவைத் திறந்து பாக்குறாள்.”

கிறிஸ்டினுக்கு அழுகை வந்தது.

“அழாதீங்க. எப்ப திரும்பச் சுடுவீங்க எண்டு சொல்லுங்க,” என்று ரிஸ்னா முந்தானையால் தன் கண்ணைத் துடைத்தாள். “அண்டைக்கு விடியவே வருவன். கிணத்தடி, கொடி, குசினி எல்லாம் என்ர கண்ணால பாத்திட்டுத்தான் வாங்குவன்.”